பற்றும் வீடும்

கலிபோர்னியா மாகாணத்தில் பேக்கர்ஸ்பீல்டு நகருக்கு வடக்கே, கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த வாதுமைத் தோப்புகளின் நடுவே, இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானங்கள் இறங்குவதற்காகப் போடப்பட்டு, பிற்பாடு மோட்டார்ப் பித்துப் பிடித்த இளைஞர்களின் கையில் வந்து சேர்ந்த பமோசோ என்னும் ஓடுபாதையின் ஓரத்தில், சென்ற கார்த்திகை மாதத்துப் பிற்பகல் ஒன்றில், என் நண்பருடைய புதல்வன் முழங்காலிட்டு உட்கார்ந்து தன் காரின் பின்சக்கரங்களிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான், சிறு பிராயம் முதல் உபந்நியாசங்களில் கேட்டும் புஸ்தகங்களில் படித்தும் எனக்கு மிகவும் பழகிப்போன 'பற்று' என்னும் சொல்லின் பொருளை இத்தனை காலமும் பாதிதான் அறிந்திருந்தேன் என்பது விளங்கிற்று.

அவன் ஈடுபட்டிருந்த பந்தயத்தின் இலக்கணம் மிகச் சுருக்கமானது. இரண்டு கார்கள் அடுத்தடுத்து நிற்கும். எதிரேயுள்ள கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் எரிந்து, பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டும் புறப்படும். வளைவோ திருப்பமோ இல்லாத நேர்கோட்டில் கால் மைல், அதாவது 1,320 அடி, நம் கணக்கில் ஏறக்குறைய 402 மீட்டர் தூரத்தை முதலில் கடந்தவன் ஜயித்தவன். இரண்டாம் யுத்தத்துக்கு முன்பே கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பிறந்து, பிறகு ஊர்த் தெருக்களில் புகுந்து போலீஸாருக்கும் பெற்றோருக்கும் ஒருங்கே கவலை அளித்து வந்த இந்த விளையாட்டு, 1950-இல் சாண்டா ஆனா விமான நிலையத்து ஓடுபாதையில் கட்டணம் வைத்து நடத்தப்படும் அளவுக்கு ஒழுங்குபட்டு, 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவரின் முயற்சியால் ஒரு தேசிய சங்கத்தின் ஆளுகைக்குள் வந்தது. கொடியசைத்துத் தொடங்கிவந்த பந்தயத்துக்கு விளக்குக் கம்பம் வந்தது 1963-இல். பையனுடைய வண்டி பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டதன்று. திங்கட்கிழமை காலையில் அவன் ஆபீஸுக்கு ஓட்டிச் செல்லும் மஸ்டாங்தான். அது அந்தக் கால் மைலைச் சுமார் 12 விநாடியில் கடக்கும். இந்தப் பன்னிரண்டு விநாடிக்காகவா லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 200 கிலோமீட்டர் என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாய் என்று கேட்டேன். "கோயில்ல கற்பூரம் காட்டறதைப் பார்க்க நீங்க எத்தனை மணி நேரம் வரிசையில நிக்கறீங்க, மாமா?" என்று அவன் திருப்பிக் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

பந்தயத்தின் முடிவு எந்த இடத்தில் நிர்ணயமாகிறது என்பதை அவன் எனக்கு விளக்கினான். முதல் அறுபது அடி. அதிலேதான் பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடுகிறது. அங்கே பத்தில் ஒரு பங்கு விநாடியை மிச்சம் பிடித்தவனுக்குக் கடைசிக் கோட்டில் அதைப்போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ லாபம் வந்து சேருகிறது. இயந்திரத்தில் எத்தனை குதிரைகளின் சக்தி இருந்தாலும், அத்தனையும் தரையைச் சென்று சேருவதற்கு உள்ள வழி உள்ளங்கை அகலத்துச் சொச்சமான இரண்டு ரப்பர்த் துண்டுகள்தாம். அவை தரையைப் பிடிக்காவிட்டால், குதிரைகள் நின்ற இடத்திலேயே புகை கிளப்பிக்கொண்டு நாட்டியமாடும். "காத்தைக் குறைச்சா டயர் நல்லாப் பரவித் தரையைப் பத்தும், மாமா" என்றான் அவன். சாலையில் 32 அல்லது 35 ராத்தல் அழுத்தத்தில் ஓடும் சக்கரத்தை இங்கே 18 ராத்தலுக்கு இறக்கிவிடுகிறார்கள்.

'பற்றும்' என்று அவன் இயல்பாகச் சொன்ன வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த ஒரு சொல்லைக்கொண்டு தமிழர்கள் செய்திருக்கிற காரியங்களை எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கொடி கொழுகொம்பைப் பற்றுகிறது. கூரையில் தீப் பற்றுகிறது. வீக்கத்துக்கு மருந்தை அரைத்துப் பற்றுப் போடுகிறோம். கடைக்காரர் கணக்கில் நம்முடைய கடன் பற்று என்ற தலைப்பின் கீழ் ஏறிக்கொண்டே போகிறது. மகனிடத்தும் மனையிடத்தும் நாம் வைத்திருக்கும் ஆசைக்கும் அதுவே பெயர். துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் கையாண்ட ஏழு சீர்களில் ஆறு சீர்கள் இந்தச் சொல்லாலேயே ஆனவை. விட்டுவிடச் சொல்லும் அதிகாரத்தைப் 'பற்று' என்று ஏவி முடித்த அந்தத் துணிவு வேறு எந்த நீதி நூலாசிரியருக்கும் வந்ததாக நான் அறியேன். மணிமேகலையில் பௌத்தர்களின் பன்னிரு நிதானங்களை அடுக்கும்போது சாத்தனார் ஒன்பதாவதாக வைப்பது பற்று. வடக்கே உபாதானம் என்று வழங்கிய சொல்லை அவர் அப்படித் தமிழாக்கினார். உபாதானம் என்ற அந்தச் சொல்லுக்குப் பாலி பாஷையில் இன்னொரு பொருளும் உண்டு, அது எரிபொருள். விறகு உள்ளவரையில் நெருப்பும், பற்று உள்ளவரையில் பிறப்பும் நீடிக்கும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே, பெட்ரோலும் பிடிப்பும் ஆகிய இரண்டையும் தவிர வேறொன்றும் வேண்டாத இந்தப் பந்தயக்காரர்கள், பௌத்த பிக்ஷு ஒருவரின் கண்ணுக்கு உபாதானத்தையே இருவிதமாகச் சேகரித்துக்கொண்டு சம்சார சக்கரத்தைச் சுழற்றுகிறவர்களாகத்தான் தோன்றுவார்கள்.

இங்கேதான் எனக்கு ஐயம் எழுந்தது. பற்று பந்தம் என்றும், பந்தம் நம்மை ஓரிடத்தில் கட்டிப் போடுவது என்றும் அல்லவா பயின்று வந்திருக்கிறோம்? பாசம் என்ற சொல்லுக்கே கயிறு என்பது பொருள். ஆனால் கண்ணெதிரே நான் கண்டதோ, தரையை நன்றாகப் பற்றிய வண்டி பாய்ந்து போவதும், பற்றாத வண்டி நின்ற இடத்தில் நின்று புலம்புவதும். பற்று கட்டிப்போடும் வஸ்துவானால், மிகுதியாகப் பற்றியவன் அல்லவா மிகுதியாகத் தங்கிப்போக வேண்டும்?

இதற்கு விடை காண, ரப்பர் தரையை எவ்விதம் பற்றுகிறது என்பதைச் சிறிது விசாரிக்க வேண்டியதாயிற்று. உராய்வு என்பது மேலிருந்து அழுத்தும் பாரத்தைப் பொறுத்ததே அன்றித் தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று 1699-இல் பிரெஞ்சுக்காரராகிய அமோந்தோன் விதி செய்தார். மரத்துக்கும் இரும்புக்கும் அது பெரும்பாலும் ஒத்துவரும். ரப்பர் அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. 1963-இல் குரோஷ் என்னும் ஆராய்ச்சியாளர் விளக்கியபடி, ரப்பரின் பிடிப்பு வேகத்தையும் உஷ்ணத்தையும் பொறுத்து மாறுவது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, ரப்பரின் நுண்ணிய சங்கிலிகள் தரையின் அணுக்களோடு ஒட்டிக்கொண்டு, இழுபட்டு, அறுந்து, மறுபடியும் வேறோரிடத்தில் ஒட்டிக்கொள்வது. மற்றொன்று, தரையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப ரப்பர் நெளிந்து கொடுத்துத் திரும்பும்போது வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தராமல் ஒரு பகுதியை உஷ்ணமாக்கி வைத்துக்கொள்வது. முதலாவதை உற்றுக் கவனிக்க வேண்டும். ரப்பர் தரையைப் பிடித்தபடியே இருப்பதில்லை. கணந்தோறும் விட்டும் கணந்தோறும் பிடித்தும் வருகிறது. க்ஷணிகவாதம் பேசிய பௌத்த ஆசாரியர்களிடம் இந்த உதாரணம் சிக்கியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

இதைவிட விசித்திரமான உண்மை ஒன்று உண்டு. உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி, தொடும் அந்தக் கணத்தில், தரையைப் பொறுத்தமட்டில் அசைவற்று நிற்கிறது. வண்டி அறுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்க, சக்கரத்தின் உச்சிப் புள்ளி நூற்றிருபது மைல் வேகத்தில் பாய, அடிப்புள்ளி மட்டும் நிற்கிறது. ஆயினும் இது வண்டியை உந்தாமல் வெறுமனே உருளும் இலட்சியச் சக்கரத்தின் கதை. சக்தியை வாங்கித் தரைமேல் செலுத்தும் சக்கரம் சிறிது வழுக்கியே தீரவேண்டும். பொதுவாக, நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை வழுக்கும்போதுதான் டயரின் பிடிப்பு உச்ச நிலையை எட்டுகிறது. வண்டி 100 அடி முன்னேறுவதற்குள் சக்கரத்தின் விளிம்பு 110 அடியோ 115 அடியோ சுழன்றிருக்கும். துளியும் வழுக்காதே என்று ஆணையிட்டால் அது பிடிக்கவும் மாட்டாது. முழுப் பற்று என்று நாம் கருதுவதற்குள்ளேயே அளவான நெகிழ்ச்சி ஒன்று அங்கமாக இருக்கிறது. அதை நீக்கிவிட்டால் பற்றும் கூடவே போய்விடுகிறது. இராப் பகல் பிள்ளையைக் கைக்குள்ளேயே பொத்தி வளர்த்த தாய்மார்களிடம் வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதை நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, எந்த டயரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு வருவோம்; பையன் என்னை அழைத்துச் சென்றதே அதற்காகத்தான், நான் ஏதோ ஞானி என்ற தவறான எண்ணத்தில். மரத்திலிருந்து வடிந்த பாலைக் காய்ச்சிய ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் கல்லாகும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகத்தைச் சேர்த்துச் சுட்டு, தனித்தனியே நெளிந்து கிடந்த சங்கிலிகளுக்கிடையே குறுக்குக் கட்டுகளை உண்டாக்கினார். அந்த மனிதர் 1860-இல் கடனாளியாகவே செத்தார். அவர் பெயரைத் தாங்கிய பெரிய கம்பெனிக்கும் அவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, அது 1898-இல் வேறொருவர் தொடங்கியது. குறுக்குக் கட்டுகள் அதிகமானால் ரப்பர் இறுகி நெடுநாள் உழைக்கும், ஆனால் பிடிக்காது. குறைந்தால் மெத்தென்று பிடிக்கும், ஆனால் விரைவில் தேய்ந்து தீரும். கட்டு மிகுந்தால் பற்றுக் குறைகிறது. பற்று மிகுந்தால் ஆயுள் குறைகிறது. அமெரிக்காவில் பெரும்பாலான கார் டயர்களின் பக்கத்தில் அவற்றின் ஆயுளை ஓர் எண்ணாகப் பொறித்திருப்பார்கள். டெக்ஸாஸ் மாகாணத்துச் சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, மாதிரி டயர் ஒன்றின் தேய்மானத்தை 100 என வைத்து ஒப்பிட்டு வகுத்த எண் அது. பையன் நாள்தோறும் ஓட்டும் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரில் 300 என்று இருந்தது. கால் மைல் பந்தயத்துக்கென்று செய்த சில டயர்களில் அந்த எண் பூஜ்யம். எண்ணை முடிவு செய்து பொறிப்பவர் டயர் செய்கிறவரேதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; தன் ஜாதகத்தைத் தானே எழுதிக்கொள்ளும் பாக்கியம் டயர்க் கம்பெனிகளுக்கு வாய்த்திருக்கிறது.

அந்த மைதானத்தில் மூவகைச் சக்கரங்களைக் கண்டேன். ஒரு வகை, கோடோ பட்டனோ ஏதும் இல்லாத மொட்டை டயர். நம் ஊரில் டயர் மொட்டையாகிவிட்டால் மாற்று என்று போலீஸ்காரர் அதட்டுவார். இங்கே மொட்டையாகவே செய்து அதிக விலைக்கு விற்கிறார்கள், ஏனென்றால் கோடு போடும் இடமெல்லாம் தரையைத் தொடாத இடம். 1950-களில் மாசசூசெட்ஸில் ரிஃப்சின் குடும்பத்தார் பந்தயத்துக்கென்றே இத்தகைய டயர்களை வார்க்கத் தொடங்கினார்கள். 1960-இல் பானவில் உப்பளத்தில் மணிக்கு 400 மைலைத் தாண்டி ஓட்டிய மிக்கி தாம்சன் மூன்று வருஷத்துக்குப் பின் தம் பெயரால் டயர்க் கம்பெனி வைத்தார். மொட்டை டயருக்குப் பொதுச் சாலையில் அனுமதி கிடையாது. எனவே அதை அணிந்த வண்டி தன் காலால் நடந்து வருவதில்லை. வேறொரு வண்டியின் பின்னே மேடையில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டு, இறங்கி, ஓடி, மறுபடி மேடை ஏறிச் செல்கிறது. அது சந்நியாசி, மழையையும் சந்தைக்கடையையும் பற்றி அதற்குக் கவலை இல்லை, பிக்ஷையும் பல்லக்கும் பிறர் பொறுப்பு. இரண்டாவது வகை நாம் எல்லோரும் அறிந்த சாலை டயர். அது எல்லாவற்றையும் சுமாராகச் செய்யும். மூன்றாவது வகை, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு நாலு கோடுகளை மட்டும் பெயருக்கு வைத்துக்கொண்டு, மற்றபடி மொட்டை டயரின் மென்மையோடு, ஆனால் சாலை டயரைப் போன்ற ரேடியல் கட்டுமானத்தோடு செய்தது. நிட்டோ என்.டி. 05 ஆர், மிக்கி தாம்சன் கம்பெனியின் ஈ.டி. ஸ்ட்ரீட் ஆர் என்பன போன்ற பெயர்களில் வருகிறது. இது விரத காலத்துக் கிருஹஸ்தன். குடுமியை எடுக்கவும் மாட்டான், வைத்திருக்கிறான் என்று சொல்லவும் முடியாது. தன் காலாலேயே வந்து, ஓடி, தன் காலாலேயே வீடு திரும்பவேண்டிய வண்டிக்கு இதையே சிபாரிசு செய்கிறார்கள்.

பந்தய டயர்களின் கட்டுமானத்திலும் இரு பிரிவு உண்டு. நூலிழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துப் பின்னிய பழைய கட்டுமானம், புறப்படும் வேகத்தில் பக்கங்கள் துணிபோல் சுருங்கி நிமிர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சிறிது வழுக்கினாலும் மறுபடி பிடித்துக்கொள்ளும் பொறுமை அதற்கு உண்டு. ஆனால் நெடுஞ்சாலையில் அலையும். மற்றக் கட்டுமானமாகிய ரேடியல் நேராகச் செல்லும், கடைசிக் கோட்டில் அதிக வேகமும் தரும். ஒரு முறை பிடி நழுவினால் எளிதில் மன்னிப்பதில்லை. பக்தர்களிலும் இவ்விரு சாதியாரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாமவர்கள் ஒரு பிரார்த்தனை பலிக்காவிட்டால் பூஜையறையைப் பூட்டிவிடுவார்கள்.

புறப்படும் கோட்டுக்குப் பின்னால் தரையில் நீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள். பந்தய டயர் அணிந்தவர்கள் அதில் பின்சக்கரங்களை நிறுத்தி, முன்சக்கரங்களின் பிரேக்கை அழுத்திக்கொண்டு பின்சக்கரங்களை மட்டும் வெறிகொண்டாற்போல் சுழல விடுகிறார்கள். நீர் பிடிப்பைக் கெடுக்கிறது. பிடிப்புக் கெட்டதால் சக்கரம் சுழல்கிறது. சுழன்று காய்ந்ததால் சூடேறுகிறது. சூடேறியதால் மேல்தோலின் தூசியும் கடினமும் நீங்கி, உள்ளே இருக்கும் பிசுபிசுப்பு வெளிப்படுகிறது. வெண்புகை மண்டி நெடியேறி என் கண்ணில் நீர் வழிந்தது. சாலை டயர் அணிந்தவர்களோ இந்த நீரைச் சுற்றிக்கொண்டு ஓரமாகப் போகவேண்டும் என்பது அங்குள்ள மரியாதை. ஏனெனில் அவர்களுடைய ஆழமான கோடுகளில் தங்கிய தண்ணீர் புறப்படும் இடத்தில் வந்து சொட்டி, பின்னால் வருபவனையும் வழுக்கச் செய்யும். மலபரிபாகம் என்று சைவ சித்தாந்திகள் ஒன்றைச் சொல்வார்கள். உயிரைப் பற்றிய ஆணவ மலம் பக்குவப்பட்ட பிறகே அருள் பதியும், அந்தப் பதிவுக்குச் சத்திநிபாதம் என்று பெயர். பக்குவமின்றித் தீர்த்தத்தில் இறங்கினவன் தானும் நனைந்து பிறர் பாதையையும் ஈரமாக்குகிறான் என்பதை ஒரு மடாதிபதி உபதேசித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியிராது.

அருள் என்று சொன்னது வெறும் அலங்காரமன்று. அந்தப் பாதையின் முதற்பகுதியில் ஒரு வகைப் பிசினைத் தெளித்து, அதன்மேல் பழைய ரப்பரை இழுத்துத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். அனுமதி பெற்றுப் பையனோடு ஓரத்தில் நாலடி நடந்தேன். என் இடது காலின் பாதரட்சை கழன்று தரையிலேயே நின்றுவிட்டது. இப்போது சொல்லுங்கள்: டயர் தரையைப் பற்றுகிறதா, தரை டயரைப் பற்றுகிறதா? ஸ்ரீவைஷ்ணவர்கள் பல நூற்றாண்டுகளாக விவாதித்து வரும் விஷயம் இதுதான். குரங்குக் குட்டி தன் தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்வதுபோல ஜீவன் ஈசுவரனைப் பற்றவேண்டும் என்று வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையாரும், பூனைக்குட்டி ஏதும் செய்யாது கிடக்கத் தாயே வாயால் கவ்விச் செல்வதுபோல ஈசுவரனே ஜீவனைப் பற்றுகிறான் என்று பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையாரும் சொல்லி வருகிறார்கள். பையனிடம் இதை எடுத்துச் சொல்லி அவன் எந்தக் கட்சி என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, பிசின் போடாத சாதாரணத் தார்ச்சாலையில் தன் புது டயர்கள் இந்த அளவுக்குப் பிடிப்பதில்லை என்றும், அதே சமயத்தில், பழைய சாலை டயர்களோடு இந்தப் பிசின்மேல் வந்தவர்களுக்கும் பெரிய லாபம் கிடைத்து அவன் பார்த்ததில்லை என்றும் சொன்னான். தரையின் கிருபை எல்லோருக்கும் பொதுவாகத்தான் கிடக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் மென்மை ரப்பரில் இருக்கவேண்டும். இருபுறத்து ஆசாரியர்களும் மன்னிப்பார்களாக, எனக்கு இந்த விடை அவர்களுடைய பாஷ்யங்களை விடச் சுலபமாகப் புரிந்தது.

ஆனால் பற்றைப் பெருக்கிக்கொண்டே போவதிலும் அபாயம் இருக்கிறது. சாலை டயர் வழுக்கும்போது நஷ்டமாவது சில விநாடிகளும் கொஞ்சம் ரப்பரும்தான். அந்த வழுக்கலே வண்டிக்கு ஒரு காப்பு. வழுக்காத டயரைப் போட்டுவிட்டால், இதுவரை தரையில் புகையாய்க் கழிந்த பலமெல்லாம் அச்சின்மேலும் கிளச்சின்மேலும் திரும்புகிறது. எங்கள் வரிசையில் மூன்றாவதாக நின்ற ஒரு பழைய வண்டி, அன்று காலைதான் புது டயர் மாட்டிக்கொண்டு வந்ததாம். பச்சை விளக்கு எரிந்ததும் துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சப்தம் கேட்டது, வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றுவிட்டது. அச்சு முறிந்திருந்தது. மயிற்பீலியே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சைத் தொலைக்கும் என்று வலியறிதலில் வள்ளுவர் எச்சரித்தது பாரத்தைப் பற்றி. இங்கே பாரம் ஒன்றும் ஏறவில்லை, பிடிப்பு மட்டுமே ஏறியது. தன் உடலின் மற்ற உறுப்புகள் தாங்கும் அளவுக்கே ஒருவன் பற்றலாம். திடீரென்று தீவிர பக்தி கொண்டு குடும்பத்தையும் தேகத்தையும் முறித்துக்கொண்டவர்களின் சரித்திரம் நம் தெருக்களிலும் உண்டு.

பையன் இவ்வளவையும் கணக்கிட்டு ஓர் ஏற்பாடு செய்திருந்தான். சாலை டயர்களோடு வந்து, பந்தயச் சக்கரங்கள் இரண்டையும் பின்னிருக்கையை மடக்கிக் கிடத்திக் கொண்டுவந்து, மைதானத்தில் ஜாக்கி வைத்து அரைமணி நேரத்தில் மாட்டிக்கொண்டான். முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. கோயிலுக்குள் ஒரு முகமும் கடைவீதியில் வேறொரு முகமும் கொண்டவர்களை நான் வாழ்நாளெல்லாம் பரிகசித்து வந்திருக்கிறேன். ஜனகரைப் போல ஒரே மனத்தோடு ராஜ்யமும் ஞானமும் நடத்துவதல்லவா சிலாக்கியம், அந்த மூன்றாம் வகை டயரையே அணிந்து வருவதும் போவதுமாக இருந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அவன் டயரைத் திருப்பிக் காட்டினான். கோடுகளின் ஆழம் என் நகக்கண் அளவே இருந்தது. வழியில் தேஜோன் கணவாய், 4,000 அடிக்கு மேல் உயரம். அன்று மாலை அங்கே மழை என்று செய்தி வந்திருந்தது. ஆழமான கோடு இல்லாத டயர் தண்ணீரைப் பிளந்து தள்ள இடமின்றித் தண்ணீரின்மேல் மிதக்கும். குளிரில் அந்த மென்மையான ரப்பரும் இறுகிவிடும். பூமியை மிகுதியாகப் பற்றுவதற்காகச் செய்த வஸ்து, மழையில் பூமியையே தொடாமல் போகிறது. இந்த இடத்தில் என் உவமை நின்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டயரைக் கழற்றி மாட்டலாம். மனத்தைக் கழற்றி மாட்ட எந்த ஜாக்கியும் இல்லை. ஆதலின் ஜனகரை விடாமல், டயர் விஷயத்தில் மட்டும் என் கட்சியை மாற்றிக்கொண்டேன்: வீடு திரும்பவேண்டிய வண்டிக்கு இரண்டு ஜோடிச் சக்கரங்கள்தாம் சரி. ஒரே ஜோடிக்குத்தான் கையில் பணம் இருக்கிறதென்றால் சாலை டயரை வாங்கிக்கொண்டு, பந்தயத்தில் தோற்பது மேல்.

வீடு என்ற சொல்லும் பற்றைப் போலவே நம்மவர் செய்த விஷமம்தான். விடுவதால் வருவது வீடு. மோட்சத்துக்கும் அதுவே பெயர், சாயங்காலம் செருப்பைக் கழற்றி வைத்து நுழையும் இடத்துக்கும் அதுவே பெயர். முதற்சொல்லை ஆசையென்றும் இரண்டாவதை முக்தியென்றும் மட்டும் கொண்டவர்கள் இரண்டுக்கும் இடையே பெரும் மதில் கட்டினார்கள். அந்த மைதானத்தில் எனக்குத் தெரிந்த வரையில், பிடிப்பதும் விடுவதும் ஒரே ரப்பரின் ஒரே தொழில். எதை, எங்கே, எவ்வளவு நேரம் என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

நான்கு ஓட்டங்கள் ஓடினான். சிறந்தது 12 விநாடிக்குச் சிறிது குறைவு. அவன் தகப்பனாரிடம் அதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். இருட்டுவதற்குள் பந்தயச் சக்கரங்களைக் கழற்றிச் சாலைச் சக்கரங்களை மாட்டி, காற்றழுத்தத்தைச் சரிபார்த்துப் புறப்பட்டோம். கணவாயின் அடிவாரத்தில் தூறல் ஆரம்பித்தது. அங்கே ஒரு பெட்ரோல் கடையில் வண்டியை நிறுத்தி, மாட்டிய சக்கரங்களின் நட்டுகளை மறுபடி ஒருமுறை ஸ்பானரால் முடுக்கிப் பார்த்தான்; புதிதாகப் பூட்டிய சக்கரத்தை 80 அல்லது 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு அவ்விதம் பார்ப்பது அவசியமாம். நான் குடை பிடித்தேன். பத்து நட்டுகளில் ஒன்பது அசையவில்லை. வலப்பக்கத்துச் சக்கரத்தில் ஒன்று மட்டும் கால் சுற்று இறங்கிற்று. நீங்களும் சக்கரம் மாற்றினால் வழியில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.